நிப்பட்டும் ஒரு கட்டைவிரல் ரேகையும்

1. திரும்பி வந்த பெட்டிகள்

ஒரு புதன்கிழமை, முதல் ஷிஃப்ட் தொடங்கிக் கால் மணி நேரத்தில் பூனா வாடிக்கையாளரிடமிருந்து எட்டுப் பெட்டிகள் திரும்பி வந்தன. உள்ளே மோட்டாருக்குப் போகும் ஷாஃப்ட்டுகள், எஃகுத் தண்டுகள். கிரைண்டிங் முடித்து, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக அனுப்பியவை. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பெட்டியிலும் பல ஷாஃப்ட்டுகளின் நடுவில் காப்பிக் கறை நிறத்தில் துரு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோடு கோடாகக் கைரேகை. யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி இழுபட்டிருந்தது.

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையின் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான்தான் சீனியர். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. என் மேசையைத் தாண்டாமல் ஒரு ஷாஃப்ட்டும் பேக்கிங்குக்குப் போகாது.

குவாலிட்டி மேனேஜர் சிவகுமார் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். லென்ஸை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, இது கைல வேர்வை ஜாஸ்தி இருக்கறவங்க வேலைங்க. பேக்கிங்ல யாருங்க அப்படி?”

நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், ஸ்டெல்லா. மூக்கண்டப்பள்ளியிலிருந்து வருபவர், ஆறு ஆண்டுகளாக கான்ட்ராக்டில் பேக்கிங் மேசையில் இருந்தார். கோடையில் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு முறை கிளவுஸ் மாற்றுவார். ‘ஸ்டெல்லாக்காவுக்குக் குழாய்த் தண்ணியே வேண்டாம்’ என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அந்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அன்று மதியம் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது ஸ்டெல்லா அழவில்லை. “ஏன் சார், என் கையில என்ன உப்பளமா இருக்குது? கிளவுஸ் இல்லாம ஒரு பீஸ் தொட்டதில்ல. யார வேணா கேளுங்க” என்றார்.

வாடிக்கையாளர் ஒரு வாரத்தில் காரணமும் நடவடிக்கையும் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை கான்ட்ராக்டர் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டார்: அடுத்த வாரத்திலிருந்து வேலை இல்லை, திங்கட்கிழமை வந்து ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

2. இரண்டாவது டிராயர்

எனக்கு நிப்பட்டு என்றால் உயிர். அரிசி மாவில் வேர்க்கடலையும் காய்ந்த மிளகாயும் இடித்துப் போட்டு, கையால் தட்டிப் பொரிப்பது. தட்டையும் இதுவும் ஒன்றுதானே என்பார்கள். இல்லை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வரும் எங்கள் ஸ்டோர்கீப்பர் மஞ்சுநாத் செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஒரு பொட்டலம் வாங்கி வருவார். ரத்த அழுத்தம் என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். வீட்டில் என் மனைவி பையைத் துழாவிவிடுவாள். அதனால் பொட்டலத்தின் இருப்பிடம் என் இன்ஸ்பெக்‌ஷன் மேசையின் இரண்டாவது டிராயர். அதற்கு நேர் மேலே சுவரில் ‘உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற அறிவிப்பு. அதை எழுதியவன் நான்.

இன்னொரு பலவீனமும் உண்டு. கிளவுஸ் போட்ட கைக்குச் சின்னச் சின்ன வெட்டுகள் தெரியாது என்று வலது கை கிளவுஸைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் ஷாஃப்ட்டைத் தடவிப் பார்ப்பேன். “சார் விரல வெச்சா மெஷினே தேவயில்ல” என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே இன்னும் நாலு பீஸைத் தடவுவேன். கிளவுஸ் கட்டாயம் என்பது விதி. என்னிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை.

3. டைரி

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். ஷிஃப்ட், லாட் நம்பர், மழை பெய்ததா, என்ன படித்தேன், என்ன தின்றேன், எல்லாம் இருக்கும். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் எட்டுப் பெட்டிகளின் லேபிளிலிருந்து பேக்கிங் தேதிகளை ஒரு தாளில் எழுதி, டைரியுடன் ஒப்பிட்டேன். எட்டும் செவ்வாய் அல்லது வெள்ளி. எட்டு நாளும் நிப்பட்டு. அதில் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா விடுப்பில் இருந்தார்.

விரலில் ஒட்டிய உப்பு ஷாஃப்ட்டில் ஏறியிருக்கிறது. மேலே பூசும் துரு தடுப்பு எண்ணெய் உப்பை நீக்காது, மூடித்தான் வைக்கும். உள்ளேயே அரித்துக்கொண்டு பூனா போயிருக்கிறது.

உடனே எழுந்து போய் ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கலாம். நான் ட்ரையல் போட முடிவு செய்தேன். குவாலிட்டிக்காரன் வெறும் வாயால் சொல்லக் கூடாது, ஆதாரத்தோடு பேச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று ஷாஃப்ட் எடுத்தேன். முதலாவதில் ஸ்டெல்லாவை வெறும் விரலால் அழுத்தச் சொன்னேன். “எதுக்கு சார்?” என்றார். ஒரு ட்ரையல் என்றேன். அழுத்திவிட்டு, கிளவுஸை மாட்டிக்கொண்டு போனார். இரண்டாவதில் சோப்பு போட்டுக் கழுவிய என் விரல். மூன்றாவதில் நிப்பட்டு தின்ற விரல். ட்ரையலுக்கு ஒன்று போதும். நான் இரண்டு தின்றேன். மூன்றுக்கும் எண்ணெய் பூசி, கவரில் போட்டு, ஈரப்பதச் சோதனைப் பெட்டிக்குள் வைத்தேன்.

4. திங்கட்கிழமை

ஒன்பது மணிக்கு மேனேஜர் முன்னால் பிரித்தேன். ஸ்டெல்லாவின் ஷாஃப்ட்டில் லேசான மங்கல். துணியால் துடைத்ததும் போய்விட்டது. இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் என் கட்டைவிரல், ரேகை ரேகையாக, பழுப்பு நிறத்தில். டிராயர், டைரி, கழற்றிய கிளவுஸ் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஷாஃப்ட்டை மேசையில் வைத்தார். “அண்ணா, அந்த நோட்டீஸ எழுதுனதே நீங்கதானுங்களே.”

“ஆமா சார்.”

“மெமோ குடுக்கோணுங்க.”

குடுங்க என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கான்ட்ராக்டருக்குப் போன் செய்து ஸ்டெல்லாவை நிறுத்த வேண்டாம் என்றார். பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது.

ஸ்டெல்லா பதினோரு மணிக்கு ஐடி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பேக்கிங் மேசையருகில், எல்லார் முன்னாலும், நடந்ததைச் சொன்னேன். நிப்பட்டு என்றதும் மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஸ்டெல்லாவும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க தின்னதுக்கு எனக்குக் கோவமில்ல சார்” என்றார். “வெள்ளிக்கெழமையே உங்களுக்குத் தெரியும்ல? என்னைய அழுத்தச் சொன்னீங்களே, அப்பவே தெரியும்ல? எம்மேல சாட்சி சேக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். நேத்து கோயில்ல முட்டி போட்டுக்கிட்டு இருக்கேன், ஒருவேள நாந்தான் செஞ்சிருப்பனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.”

கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புதுக் கிளவுஸ் ஒரு ஜோடி எடுத்து, வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

இதைப் படிக்கும் இளைஞர்களிடம் நொறுக்குத் தீனியை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நானே விடவில்லை. ஓய்வு பெறும்வரை கேன்டீனில் உட்கார்ந்து தின்று, சோப்பு போட்டுக் கை கழுவி, இரண்டு கையிலும் கிளவுஸ் மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தேன். அதற்கு மூன்று நிமிடம் பிடித்தது, அவ்வளவுதான். நிரூபித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன் என்கிற ருசிதான் எனக்குக் கடைசிவரை கஷ்டம் கொடுத்தது. தவறு உங்களுடையது என்று தெரிந்துவிட்டால், அதற்காகப் பழி சுமந்து நிற்பவரிடம் அந்த நிமிடமே போய்ச் சொல்லிவிடுங்கள். ட்ரையலைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.