பொறுப்பு: ராகவாச்சாரி

செத்துப்போன ஒரு மனிதர் தம்முடைய ஃபைல்களை எனக்கு விட்டுத்தர மறுக்கிறார் என்று நான் நம்பினேன். அதுவும் பட்டப்பகலில், கையில் டீ கிளாஸோடு. அதுவரை பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் அவர்களைக் கேலி செய்தே அழவைத்தவன் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், அந்தக் கூட்டத்துக்கே ஒரு காலத்தில் நான்தான் தலைவன்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பட ஆலையில் ரெக்கார்டு ரூம் கிளார்க்காகச் சேர்ந்தேன். எல்லா இலாகாவுக்கும் சேர்த்து அந்த ஓர் அறைதான். யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள், கைக்கு அகப்பட்ட ஃபைலை எடுப்பார்கள், வரைபடத்தில் இஷ்டத்துக்குத் திருத்துவார்கள். அப்படி ஒரு மகானுபாவர் ஒரு அளவை மாற்றிவைக்க, நாற்பது பம்பு மூடிகள் உலகத்தில் எந்தப் பம்பிலும் உட்காராத மாதிரி வார்க்கப்பட்டு முற்றத்தில் கிடந்தன. மானேஜர் என்னைக் கூப்பிட்டார். எந்த ஃபைல் யாருடையது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் அட்டை மேல் இருக்க வேண்டும் என்றார். இருந்தால் வேலை பர்மனென்ட், இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் புரொபேஷன்.

திருநின்றவூரில் எனக்கு ஒரு பெண் பார்த்துவைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா காத்திருந்ததும் அந்தப் பர்மனென்ட் என்ற ஒரே வார்த்தைக்குத்தான்.

எனக்கு முன்னால் அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் ராகவாச்சாரி. திருவள்ளூர்க்காரர், கோயில் கைங்கரியக் குடும்பம், நான் சேர்வதற்கு நான்கு மாதம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். ஒவ்வொரு அட்டையிலும் பென்சிலில் ‘பொறுப்பு: ராகவாச்சாரி’ என்று எழுதிவைத்திருந்தார். மானேஜர் ஒரு தடவை அதை ‘உடையவர்’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறார். வைணவர்களுக்கு அது அவர்கள் ஆச்சாரியரின் திருநாமம் அல்லவா, மனிதர் மறுத்துவிட்டாராம். “உடையவர்னா ஒருத்தர்தான் ஓய். நான் வெறும் பொறுப்பு” என்று சொன்னதாகத் தபால் அனுப்பும் கன்னியப்பன் எனக்குச் சொன்னான்.

கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? அவர் பெயரையெல்லாம் ரப்பரால் தேய்த்து அழித்தேன். மைதாப் பசை காய்ச்சி, அதே இடத்தில் வெள்ளைச் சீட்டு ஒட்டி, கொட்டை எழுத்தில் ‘உடையவர்’ என்று போட்டு, கீழே இலாகாவின் பெயரை எழுதினேன். திருத்தலாம் என்றால் சிவப்புக் கோடு, பார்க்க மட்டும் என்றால் பச்சைக் கோடு. இரண்டு நாளில் முடித்துவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை, வெளியே ஐப்பசி மழை. அறையைத் திறந்தேன். என் வெள்ளைச் சீட்டுகளின் மேல், ‘உடையவர்’ என்ற எழுத்துக்குக் குறுக்கே, ஊதா நிறத்தில், ‘பொறுப்பு: ராகவாச்சாரி’. ஒன்றில் அல்ல, எடுத்த ஃபைலில் எல்லாம். அவருடைய அதே சாய்வு, அதே வளைந்த ‘ரா’. டீ கிளாஸ் விழுந்தது. நம்பினால் நம்புங்கள், நான் ஓர் இரும்பு அலமாரியைப் பார்த்துக் கைகூப்பி, சுவாமி, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். அது போதாதென்று ஸ்டேஷன் கடைக்கு ஓடித் தேங்காயும் கற்பூரமும் வாங்கிவந்து, தேங்காயை அலமாரிக் காலிலேயே உடைத்தேன். தண்ணீர் இரண்டு ஃபைல் மேல் தெறித்து, அவற்றில் பெயர் இன்னும் பளிச்சென்று ஆனது. பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? நேரே மானேஜர் அறைக்கு ஓடினேன்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “எழுத்துல குடுங்க” என்றார். நானும் கொடுத்தேன். ‘மேற்படி ராகவாச்சாரி அவர்கள் ஃபைல்களை விட்டுத்தர இசையவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்து, தேதி வேறு.

கன்னியப்பனைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னார். அவன் பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது மூத்தவன். படித்துவிட்டுக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான், முனையை நாக்கில் தொட்டான், உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தான். ஊதாக் கோடு.

“காப்பியிங் பென்சிலு சார் இது. ஆச்சாரியும் இதுலதான் எழுதுவாரு. தபால் ஆபீஸ்ல பார்த்ததில்ல? ரப்பர் போட்டா மேலதான் போவும், சாயம் உள்ளயே குந்திகினு இருக்கும். ஈரம் பட்டா எழுந்துக்கும். நீ பசைய வாளி கணக்கா ஊத்தி ஒட்டிக்கினு, செத்த மனுசன் மேல பழி போடறியே, இன்னா சார்?”

மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் கடிதம் என்னுடைய சொந்த ஃபைலுக்குப் போனது. அதில் திருத்த எனக்கு உரிமை இல்லை. புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. திருநின்றவூர்ப் பெண்ணை ஆவடிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆலையில் என்னைப் பார்த்தால், “இன்னா, ஆச்சாரி இசைஞ்சாரா?” என்று கேட்காத ஆள் இல்லை. கேட்க வேண்டியதுதான்.

எல்லா ஃபைலுக்கும் புது அட்டை போட உட்கார்ந்தேன். இந்தத் தடவை ‘பொறுப்பு’ என்றே எழுதினேன். கடைசியாக ஒன்று கைக்கு வந்தது. அவர் போன பிறகு நான் தொடங்கிய ஃபைல், ஸ்டோரிலிருந்து நானே எடுத்துவந்த புது அட்டை, பென்சிலே படாதது, அதனால் சீட்டும் ஒட்டவில்லை. அதன் மேலும் ஊதாவில் அவர் பெயர். கன்னியப்பன் எட்டிப்பார்த்துவிட்டு, மேலே குப்புறக் கிடந்த ஃபைலின் ஈரச் சாயம் அழுந்திப் பதிந்திருக்கும், மறுபடி தேங்காய் வாங்க ஓடாதே என்றான். எனக்கும் சரியென்றுதான் பட்டது. கட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

ரயிலில் பொன்னேரி தாண்டும்போதுதான் உறைத்தது. ஒரு எழுத்தின் மேல் தாளை அழுத்தினால், பதிவது இடவலம் மாறித்தானே விழும்? மறுநாள் முதல் வேலையாக அந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன்.

எழுத்து நேராக இருந்தது.