சமயபுரத்தாள் பட்டினியும் வீரமலையின் கஞ்சியும்

பொன்மலை ரயில்வே காலனியில் அமிர்தத்தின் முகத்தைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம், குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. தொட்டியத்துக்காரி. வாழைத்தோட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவளைப் போய் நூல் மில்லில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகப் போட்டார்கள். "தூங்குற புள்ளைங்களுக்குக் காவல் வைக்க வேற ஆளே கெடைக்கலையா?" என்று அவள் புருஷன் மூக்கன், ரயில்வே ஒர்க் ஷாப் கலாசி, நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தான்.

பெண்கள் வேலை பார்க்கும் மில்லில் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. முதலாளிக்கு மனம் வந்ததோ இல்லையோ, பஞ்சுக் கிடங்கில் ஒரு பக்கத்தைத் தடுத்து, உத்தரத்தில் சேலைத் தூளிகள் கட்டிக்கொள்ள வளையம் போட்டுக் கொடுத்தார். அதற்குத் தொட்டில் ரூம் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பால், போதாவிட்டால் கப்பலில் வந்த பவுடர் பால், ஆறு மாதம் தாண்டினால் கேழ்வரகுக் கஞ்சியோ குழைத்த சோறோ. புதன்கிழமைகளில் வந்து பார்க்கும் டாக்டரம்மா சொன்ன சட்டம் இது.

ஆனால் தாய்மார் ஒவ்வொருத்தியும் இடுப்பில் பிள்ளையோடு தன் சட்டத்தையும் கொண்டுவந்தாள். ஒருத்தி பிள்ளைக்கு வாழைப்பழம் ஆகாது, சளி கட்டும். இன்னொருத்தி பிள்ளைக்குப் பருப்பு ஆகாது, மாந்தம் வரும். வெள்ளிக்கிழமை கேழ்வரகு தொடக்கூடாது என்று ஒருத்தி சொன்னாள், எந்தச் சாமி அவளிடம் வந்து சொன்னதோ! அமிர்தம் எல்லாருக்கும் தலையாட்டுவாள், அவர்கள் அந்தப் பக்கம் போனதும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டிக் கஞ்சியை ஊட்டுவாள். அதில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. மாரியாயியிடம் மட்டும் அந்த வித்தை செல்லவில்லை.

மாரியாயி நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை செய்தவள். முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகும் முன்பே போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே சமயபுரத்து மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். இதையாவது எனக்கு விட்டுக்கொடு தாயே, இது வாயில் படுகிற முதல் சோறு உன் வாசலில்தான் என்று. பிறந்தவனுக்கு வீரமலை என்று பெயர் வைத்தாள். பெயரில்தான் மலை இருந்தது. ஆள் பூனைக்குட்டி கனம்.

ஆறு மாதம் முடிந்ததுமே ஊட்டியிருக்கலாம். தாய்மாமன் மடியில் வைத்து ஊட்டுவதுதான் முறை. தாய்மாமன் அழகிரியோ வையம்பட்டியில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தான். அந்த வேலையை முடித்துக்கொண்டு அவன் பஸ் ஏறி வருவதற்குள் மாசிக் கடைசி ஞாயிறு போய்விட்டது, சமயபுரத்தாள் பச்சைப் பட்டினியில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் உலகம் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆத்தாளே பட்டினி கிடக்கிற காலம். பங்குனிக் கடைசி வரை அவளுக்கு இளநீர், பானகம், துள்ளுமாவு இவைதான் படையல், சமைத்த சோறு கிடையாது.

"ஆத்தா பட்டினி கெடக்குறப்ப அவ வாசல்லயே ஒக்காந்து எம்புள்ளைக்குச் சோறு ஊட்டுறதாங்க்கா?" என்றாள் மாரியாயி. "அவ வெரதத்தை முடிக்கட்டும். அப்புறம் இவன் திங்கட்டும்."

"அது வரைக்கும் இவனுக்கு என்னத்தைம்மா குடுக்குறது?"

"பாலைக் குடுங்க."

பாலுக்கு எங்கே போவது? நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவளுக்கு மார் வற்றிப் போயிருந்தது. பவுடர் பாலைக் கரைத்து வாயில் வைத்தால் வீரமலை மொத்தத்தையும் அமிர்தத்தின் சேலையிலேயே கக்கினான். அமிர்தம் தன் வீட்டிலிருந்து பசும்பால் கொண்டுவந்து பார்த்தாள், வயிற்றால் போனது. கஞ்சி ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாரியாயி அவள் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலைமேல் வைத்துவிட்டாள்.

"ஒரு பருக்கை, ஒரு சொட்டுக் கஞ்சி குடுக்க மாட்டேன்னு இவன் தலை மேல சத்தியம் பண்ணுங்க்கா. ரெண்டைப் பறிகுடுத்தவ நான்."

காலனியே நடுங்கும் வாய்க்காரி அமிர்தம், அந்த முகத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணிவிட்டாள். புத்தி கெட்டவளே, புத்தி கெட்டவளே என்று அன்று வீடு போய்ச் சேரும் வரை தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிள்ளை நாளுக்கு நாள் வற்றினான். முதலில் வீறிட்டு அழுதான், பிறகு முனகினான், கடைசியில் அதுவும் நின்றுபோனது. அழுகிற பிள்ளையை அமிர்தத்துக்குச் சமாளிக்கத் தெரியும். அழாத பிள்ளையின் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை டாக்டரம்மா அவன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கஞ்சி ஆரம்பிக்கலையா? பிள்ளையைக் கொல்லப் போறியா?" என்று கத்தினார். சத்தியத்தைப் பற்றிச் சொன்னதும், "அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்று அடுத்த தூளிக்குப் போய்விட்டார். மாரியாயியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. வீட்டில் மூக்கனிடம் சொன்னாள். அவன், "பெத்தவளுக்கு இல்லாத அக்கறை ஒனக்கு எதுக்கு? வம்புல மாட்டிக்காத" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் வேறொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தூளியில் வீரமலை அசைந்தான். எட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள். விரலில் கஞ்சி ஒட்டியிருந்தது. அவன் தலையைத் திருப்பி அந்த விரலைக் கவ்விக்கொண்டான். பல் இல்லாத வாய் என்ன இழு இழுத்தது! விரலை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கவில்லை. ஆத்தா, இது என் பாவம், என் தலையில் போடு, இவன் தலையில் போடாதே என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள். பிறகு பாலாடைச் சங்கை எடுத்து, கஞ்சியை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கரைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் ஊட்டினாள், தினமும் பயந்தாள். காலையில் மாரியாயி பிள்ளையை நீட்டியதும் அவள் கை முதலில் அவன் நெற்றிக்குத்தான் போகும். கொஞ்சம் சூடு தெரிந்தாலும் அன்று முழுக்க அவன் தூளியை விட்டு நகரமாட்டாள். பிள்ளையோ தேறினான். கஞ்சியை விட்டுக் குழைத்த சோற்றுக்கு வந்தான், கன்னத்தில் சதை பிடித்தது, தூளியில் கிடந்து உத்தரத்தோடு பேச ஆரம்பித்தான். மாரியாயிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாக்கா! ஆத்தா பட்டினி கெடந்து எம்புள்ளைக்கு ஊட்டுறா!" என்று அமிர்தத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சொல்லிவிட அது ஒரு சந்தர்ப்பம். அமிர்தம் கையை உருவிக்கொண்டு தூளியை ஆட்டப் போய்விட்டாள்.

பங்குனி முடிந்தது, விரதமும் முடிந்தது. அடுத்த ஞாயிறு, மாரியாயி அமிர்தத்தையும் விடாமல் சமயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொள்ளிடப் பாலம் தாண்டுவதற்குள் அமிர்தம் பிள்ளையின் நெற்றியை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டாள். கோயில் வாசலில் கூட்டம் நெரிந்தது. அழகிரி புது வேட்டியில் சப்பணம் போட்டு உட்கார, மாரியாயி அவன் மடியில் பிள்ளையை வைத்து, பொங்கலை மசித்து ஒரு துளி பிள்ளையின் உதட்டில் வைத்தாள். முதல் சோறு பார்க்கும் பிள்ளை முகத்தைச் சுளிக்கும், நாக்கால் வெளியே தள்ளும். வீரமலை சப்புக்கொட்டி விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்கு ஆவென்று காட்டினான். கை கொஞ்சம் தாமதமானதும் கோபித்துக்கொண்டு கத்தினான்.

பக்கத்தில் மொட்டையடிக்கக் காத்திருந்த ஒரு அம்மாள் சிரித்தாள். "இதுவா மொத சோறு? நல்லாப் பழகின வாயால்ல இருக்கு!"

மாரியாயியின் கை அப்படியே நின்றது. திரும்பி அமிர்தத்தைப் பார்த்தாள். அமிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள், அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? மாரியாயி மீதிச் சோற்றையும் ஊட்டி முடித்தாள்.

திங்கட்கிழமை அவள் தொட்டில் ரூம் வாசலில் வந்து நின்றபோது இடுப்பில் பிள்ளை இல்லை.

"அண்ணன்கூட வையம்பட்டிக்கு அனுப்பிட்டேங்க்கா. அண்ணி பாத்துக்கும்."

"மாரியாயி, நான் வேணும்னு..."

"நீங்க குடுக்கலேன்னா இன்னிக்கு எம்புள்ளை இல்ல. அது எனக்குத் தெரியும். ஒங்கள ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல மாட்டேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நாளைக்கு அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும், நீங்க மீறின சத்தியம்தான்னு என் மனசு சொல்லும். இந்த மனசை வச்சிக்கிட்டு தெனமும் ஒங்க கையில எப்புடிங்க்கா அவனைக் குடுக்குறது?"

அமிர்தத்தின் மனசும் இத்தனை நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"பஸ் ஏத்துறப்ப" என்று மட்டும் கேட்டாள், "ஒடம்பு ஏதும் சூடா இருந்துச்சா?"

மாரியாயி ரீலிங்குக்குப் போய்விட்டாள்.