இருட்டான புள்ளிக்குக் கூடுதல் வெளிச்சம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. மூத்தவள் கவிதா வந்திருந்தாள்.

கவிதாவை உங்களுக்குத் தெரியும். அவள் வாங்கிய மார்க், பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது, ஆராய்ச்சிக் கூடத்தில் லேசரோடு மல்லுக்கட்டுவது... எல்லாவற்றையும் இந்தப் பத்திரிகைப் பத்தியில்தானே எழுதித் தள்ளியிருக்கிறேன்!

அன்று அவள் முகம் வாடியிருந்தது. "என்னம்மா?" என்று கேட்டதுதான் தாமதம் — பாடமே நடத்திவிட்டாள்.

திசுவின் மேல் லேசர் ஒளியை அடித்தால் அது மினுங்கி அணையுமாம். அணைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தால், அங்கே செல்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடலாமாம். சிக்கல் எங்கே? பளிச்சென்று மினுங்கும் இடத்தில் கருவி திணறித் தப்பாக அளக்கிறது. மங்கலான இடத்திலோ அளக்கவே வெளிச்சம் போதவில்லை.

"ஒவ்வொரு புள்ளிக்கும் தேவையான அளவு மட்டும் லேசர் கொடுக்கணும்மா. எங்க எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள லேசர் பட்டுப் பட்டே சேம்பிள் வெளுத்துப் போகுது. இன்னும் ஒண்ணுதான் மிச்சம். அதுவும் போச்சுன்னா இத்தனை மாச வேலையும் வேஸ்ட்."

நானும் என் கணவரும் பலமாகத் தலையாட்டினோம். என்ன புரிந்தது? ஒன்றுமில்லை! இருந்தாலும் அவள் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன்.

அப்போதுதான் சின்னவள் ஷாமினி வாயைத் திறந்தாள். பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், கேமரா வைத்து சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலை அவளுக்கு.

"அக்கா, எங்க போர்டுல சோல்டர், அதான் ஈயப்பத்து, வச்ச இடம் பளபளன்னு மின்னும். ஒரே லைட்டுல எடுத்தா நல்ல போர்டுகூட ரிஜெக்ட் ஆயிடும். அதனால, முதல்ல லைட்டை ரொம்பக் கம்மியா வச்சு சும்மா ஒரு தடவை பார்ப்போம். எங்க மின்னுது, எங்க இருட்டுன்னு தெரிஞ்சிடும் லா. அப்புறம் மின்னுற இடத்துல குறைச்சு, இருட்டுல கூட்டி, சரியா எடுப்போம்."

கவிதா எச்சில் கையோடு நோட்டுப் புத்தகம் தேடி ஓடினாள். "இதை முன்னாடியே சொல்லக்கூடாதாடி?"

"யாரு கேட்டா?"

கரண்டியோடு நின்ற எனக்குச் சுருக்கென்றது. அவள் அந்த வேலைக்குப் போய் நாலு வருஷம். அங்கே என்ன செய்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்டேனா? இந்தப் பத்தியில் அவள் பெயரையாவது எழுதியிருக்கிறேனா? வெட்கமாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை கவிதாவிடமிருந்து போன். கடைசி சேம்பிள் பிழைத்தது, படம் சுத்தமாக வந்துவிட்டதாம். போன் எனக்கு இல்லை — தங்கைக்கு!

இதை எழுதி முடித்து ஷாமினியிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"போதும்மா... லைட்டைக் கொஞ்சம் குறைங்க லா. கண்ணு கூசுது."