மணப்பெண் காரும் நான் மாட்டிய வாட்டர் பம்ப்பும்

போன மாதம் ஒரு மணப்பெண்ணை, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, காருக்குள் உட்கார வைத்து வேக வைத்தேன்.

அவள் வேறு யாருமில்லை. என் அக்கா மகள் தர்ஷினி.

வேண்டுமென்று யாராவது செய்வார்களா? ஆனால் செய்தது நான்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் பிளாக் கார்பார்க்கில், என் காருக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ தேங்கியிருந்தது. கூலன்ட். என்ஜின் சூடேறாமல் பார்த்துக்கொள்ளும் திரவம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அதை என்ஜினுக்குள் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில், கல்யாணத்துக்கு மறுநாள்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். சிங்கப்பூரில் வேறு ஒர்க்‌ஷாப்பே இல்லையா? ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அதற்குள் நான் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

பதினெட்டு நிமிட வீடியோ. சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு படாமல், சிரித்துப் பேசிக்கொண்டே ஒருவர் பழைய பம்ப்பைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டார். சமையல் வீடியோ பார்த்து ரசம் வைக்கச் சொன்னால் பயந்துபோகிறவன் நான். என்ஜின் என்றதும் எங்கிருந்துதான் வருகிறதோ அந்தத் தைரியம்...

“பொண்ணு போற கார் லா இது. தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்களேன்” என்றாள் என் மனைவி கமலா.

“அஞ்சு போல்ட், ஒரு கேஸ்கெட். அவ்வளவுதான்.”

கேஸ்கெட் என்ற சொல்லையே நான் முந்தின நாள்தான் கற்றிருந்தேன். பம்ப் என்ஜினோடு சேரும் இடத்தில், நீர் கசியாமல் இருக்க வைக்கும் மெல்லிய அட்டை அது.

கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை. கார்பார்க்கின் மேல் தளத்தில் வேலையை ஆரம்பித்தேன். கமலா துணி ஊறவைக்கும் பேசினில் கூலன்ட்டைப் பிடித்தேன். வீடியோக்காரர் ஒரு நிமிடத்தில் கழற்றிய பெல்ட்டுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கை இரண்டு இடத்தில் கிழிந்தது. எப்படியோ பம்ப் கழன்று கைக்கு வந்தது. அதைக் கையில் பிடித்து ஒரு செல்ஃபி எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

அங்கேதான் பிடித்தது சனி.

பழைய கேஸ்கெட்டின் துணுக்குகள் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று விடாமல் சுரண்டியெடுத்த பிறகுதான் புதியதை வைக்க வேண்டும் என்று வீடியோக்காரர் இரண்டு முறை சொல்லியிருந்தார். சுரண்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. முதுகு நிமிர மறுத்தது. மூலையில் கொஞ்சம் மிச்சமிருந்தது. புதியது அதை அமுக்கிக்கொள்ளும் என்று தீர்மானித்து மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் காரை ஒரு சுற்று ஓட்டிவந்து நிறுத்தினேன். கீழே பார்த்தேன். ஒரே ஒரு சொட்டு.

துணியால் துடைத்தேன். பழைய ஈரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கமலா கேட்டாள். “சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு.”

பதினாறு கட்டைவிரல்களுக்குப் பிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் ஃபேரர் பார்க் பக்கம். அக்காவும் மற்ற உறவினர்களும் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள். என் காரில் பட்டுப்புடவையும் நகைகளுமாகத் தர்ஷினி பின்சீட்டில், பக்கத்தில் கமலா. போனட்டில் ரோஜாப்பூ அலங்காரம். பட்டு வேட்டியில் நான்.

புக்கிட் தீமா தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு சிக்னலிலும் இன்னும் கொஞ்சம். ஏசியை அணைத்தேன். முள் இறங்கவில்லை. ஹீட்டரை முழுதாகத் திறந்தால் என்ஜின் சூடு கொஞ்சம் காருக்குள் வந்துவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன். திறந்தேன்.

சிங்கப்பூரில் கார் ஹீட்டர் போட்ட மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

“மாமா, சூடா காத்து வருது” என்றாள் தர்ஷினி.

“ரெண்டு நிமிஷம்மா.”

“என்னங்க பண்றீங்க? மேக்கப் வழியுது” என்றாள் கமலா. கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையை விசிறியாக்கி, தர்ஷினிக்கு வீசிக்கொண்டிருந்தாள்.

சிக்ஸ்த் அவென்யூ அருகே முள் சிவப்பைத் தொட்டது. பக்கத்துத் தெருவில் ஒதுக்கி நிறுத்திப் போனட்டைத் திறந்தேன். புஸ்ஸென்று ஆவி. கொதித்த கூலன்ட் தெறித்து என் வேட்டியில் இளஞ்சிவப்பாய்க் கோலம் போட்டது. ரோஜாக்கள் வெந்து தொங்கின.

கமலா போனில் டாக்சி தேடினாள். இருபது நிமிடம் ஆகும் என்றது. தர்ஷினி அதற்குள் கீழே இறங்கி, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“எம்ஆர்டி ஸ்டேஷன் எதிர்லதான் இருக்கு. வாங்க.”

“இந்தப் பட்டுப்புடவையோடவா?”

“எனக்கு இன்னைக்குக் கல்யாணம் அத்தை. நேரத்துக்குப் போகணும்.”

காரை அப்படியே விட்டுவிட்டு நானும் கிளம்பினேன். மணவறைக்குப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டிய தாய்மாமன் நானாயிற்றே.

ரயிலில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒரு சீனப் பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். கொசுவம் கலைந்துவிடும் என்று தர்ஷினி சிரித்து மறுத்து, கம்பியைப் பிடித்து நின்றாள். கமலா டிஷ்யூவால் அவள் நெற்றியை ஒற்றினாள். யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

“தர்ஷினி, நேத்து சாயங்காலமே ஒரு சொட்டு விழுந்துச்சு. நான் பார்த்தேன். சொல்லல.”

கமலாவின் கை அப்படியே நின்றது. தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாம் மாமா.”

அவ்வளவுதான். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சிங்கப்பூரில் கார் பழுதாவது பெரிய விஷயமில்லை. இழுத்துப்போக ஆள் உண்டு, ஏறிப்போக ரயில் உண்டு. ‘எனக்குச் சரியாக வரவில்லை’ என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முதல் நாளே டாக்சிக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். ஐந்து போல்ட்டைக் கழற்றிய எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை.

லிட்டில் இந்தியாவில் ரயில் மாறினோம். அடுத்த ஸ்டேஷன் ஃபேரர் பார்க். இறங்கும்முன் தர்ஷினி என் வேட்டியைக் கூர்ந்து பார்த்தாள்.

“மாமா, இந்த மடிப்பை அந்தப் பக்கம் கொண்டு வந்து கட்டுங்க. கறை உள்ள போயிடும்.”

வளையல்கள் குலுங்க, குனிந்து அவளே மடிப்பைப் பிடித்துக் காட்டினாள். கோயில் வாசலில் அக்கா எங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தாலி நல்லபடியாக ஏறியது.

மறுநாள் காரை இழுத்துக்கொண்டு அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் தம்பிதுரை பம்ப்பைக் கழற்றி, மூலையில் ஒட்டியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தார்.

“யாரு சார் இதை மாட்டுனது?”

“தெரிஞ்சவர்தான்” என்றேன்.

“இனிமே அவர்கிட்ட காரைக் கொடுக்காதீங்க.”

கொடுப்பதில்லை.