நூற்று இருபது நாளுக்கு மேல்

யாரையும் எளிதில் நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை. வேலம்பாளையத்தில் பத்து மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவன் எல்லாரையும் நம்பினால் உருப்பட மாட்டான் என்பது என் கட்சி.

என்னிடம் சரக்கு எடுத்த எக்ஸ்போர்ட்டர் ஒருவர், நிறத்தை மாற்றி ஏமாற்றிவிட்டேன் என்று வணிக வழக்குகளுக்கான கோர்ட்டில் என்மேல் கேஸ் போட்டார். அவரே ஓகே சொல்லிக் கையெழுத்துப் போட்ட சாம்பிள் துணி, ஓர் அட்டையில் பின் அடித்து என்னிடம் இருந்தது. நான் ஏமாற்றுக்காரன் இல்லை என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். எங்கள் தொழிலில் கையெழுத்துப் போட்ட துணியை யாரும் கையை விட்டுப் போக விடுவதில்லை. என் வக்கீல் அதைக் கேட்டார். அவர் எதிர்த்தரப்பு வக்கீலோடு டீ குடித்ததை நான் பார்த்திருந்தேன். நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று இழுத்தடித்தேன். அதைப் பார்க்காமல் பதில் மனு எழுத முடியாது என்றார் அவர். கடைசியில் நான் கொடுத்து, அவர் எழுதித் தாக்கல் செய்தபோது, சம்மன் வந்து நூற்று இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

“உங்க பக்கம் நியாயமே இருக்கலாம். தகுந்த காரணம் இருந்தா நூத்தி இருபது நாள் வரைக்கும் நான் அனுமதிக்கலாம். அதுக்கு மேல ஒரு நாள்கூடத் தர எனக்கு அதிகாரம் இல்லை” என்றார் ஜட்ஜ்.

ஜட்ஜுக்கு இல்லாத அதிகாரமா? அவர் தன்மையாகப் பேசியதே எனக்கு உறுத்தியது. ஆளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பல்லடத்தில் வேறொரு வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

“எந்த ஜட்ஜா இருந்தாலும் இதேதானுங்க. ஒரு வாரம் முன்னாடி போயிருந்தா அவரு மனசு வெச்சிருக்கலாமுங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இனி என் பதிலைக் கோர்ட் பார்க்காது என்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“வக்கீல நம்பலீன்னா போகுதுங்க. எங்கிட்டக் குடுத்திருந்தா நானே கூட உக்காந்து எழுத வெச்சுட்டு, துணியத் திருப்பி வாங்கிட்டு வந்திருப்பேனுங்களே?”

அவள் தம்பி அந்த எக்ஸ்போர்ட்டரிடம்தான் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, நான் ஏன் அவளிடம் கொடுக்கவில்லை என்பது புரிந்துவிட்டது.

“என்னையுமாங்க?” என்றாள்.