கொடுவாவைப் பிடித்தது நான்

கல்கத்தாவில், டாக்குரியாவில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில்தான் நான் தூண்டில் வீசப் பழகினேன். ஆபீசில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் தூண்டில் கோலையும் ரீலையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். முள் வேண்டாம் என்று தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டிக்கொண்டேன். மாடியின் அந்தக் கோடியில் வைத்த பிளாஸ்டிக் வாளிக்குள் அது விழ வேண்டும். அந்த மாதிரி ரீலில் கட்டைவிரல்தான் எல்லாம். நட்டு பறக்கும்போது சுழல்கிற உருளையை விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் விரலை எடுத்தால் போதும், நரம்பு முழுக்கக் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். மூன்று மாதம் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். காய்கிற புடவைகளுக்கு நடுவே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கோலைச் சுழற்றுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நாலாவது மாதம் பத்துக்கு எட்டு தடவை நட்டு வாளிக்குள் விழுந்தது.

நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள் இல்லை. என் கணவரின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருந்தும், எதிர் வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிற குடும்பம். சாப்பிடாதவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காத ஆள் இல்லை. எனக்குத் தண்ணீர் பிடித்திருந்தது. செல்போனை அணைத்துவிட்டு, காலை வெயிலில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பது பிடித்திருந்தது. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சால்ட் லேக்கைத் தாண்டி ரொம்ப தூரம் போனால் மீன் வளர்க்கும் ஏரி ஒன்று இருக்கிறது. வங்காளிகள் உயிரை விடுகிற பேட்கி அங்கே கிடைக்கும். நம் ஊரில் அதுதான் கொடுவா. டிக்கெட் வாங்கினால் கரையில் எண் போட்ட மரமேடை ஒன்றைக் கொடுப்பார்கள், சாயந்திரம் வரை அது நம்முடையது. நான் முதல் தடவை தனியாகப் போய் வரிசையில் நின்றேன். ஏரிக் கமிட்டியின் செக்ரட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூட யார் வந்திருக்காங்க?" என்று வங்காளத்தில் கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். தனியாக வரும் பெண்ணுக்கு டிக்கெட் இல்லையாம், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். ஆபீசில் எனக்குக் கீழே முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அத்தனை பேருக்கும் நான்தான் பொறுப்பு. எனக்குப் பொறுப்பேற்க மட்டும் ஒரு ஆள் வேண்டுமாம்.

அடுத்த வாரம் என் கணவர் வந்தார். வங்கியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். டிக்கெட் அவர் பெயரில் எழுதப்பட்டது. மடக்கு நாற்காலி, பேப்பர், காபி ஃப்ளாஸ்க் சகிதம் மேடையில் உட்கார்ந்துவிடுவார். எனக்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறாரே என்று முதலில் உருகித்தான் போனேன். அந்த உருக்கத்தை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

மற்ற மேடைக்காரர்கள் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிட்டு அவரோடுதான் பேசுவார்கள். டீ அவருக்குத்தான் வரும். "தாதா, இன்னிக்கு என்ன கலர் போட்டிருக்கீங்க?" என்று, இரைக்குப் பதிலாக நான் கட்டுகிற பிளாஸ்டிக் மீனைப் பற்றி அவரைக் கேட்பார்கள். ஆரம்பத்தில், "அவளைக் கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார். ஒரு மாதம் போனதும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வெள்ளை" என்றார். இன்னும் கொஞ்ச நாளில், வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும், அப்போது மெதுவாக இழுக்க வேண்டும் என்று பாடம் நடத்தத் தொடங்கினார். அத்தனையும் நான் காரில் அவரிடம் சொன்ன வார்த்தைகள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருநாள் அங்கே போட்டி வைப்பார்கள். அன்றைக்கு எங்களுக்கு மதகுக்குப் பக்கத்து மேடை கிடைத்தது. தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில், மூங்கில் கழிகளின் நிழலில் பேட்கி பதுங்கியிருக்கும். கழிக்கு ஒரு முழம் தள்ளி வீசினேன். கோல் நுனியை இரண்டு தரம் சுண்டிவிட்டு நிறுத்தினேன். இந்த நிறுத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. செத்த மீன்குஞ்சு மாதிரி பிளாஸ்டிக் மீன் அசையாமல் நிற்கும்போதுதான் பெரியது வந்து வாயைப் பிளக்கும். மனசுக்குள் ஐந்து எண்ணினேன். கையிலிருந்து கோலையே பிடுங்குகிற மாதிரி ஒரு இழுப்பு. மீன் தண்ணீருக்கு மேலே எம்பித் தலையை உதறியது. அதன் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும், உரசினால் நரம்பு அறுந்துவிடும். கோலைத் தாழ்த்திப் பிடித்தேன். கழிகளுக்குள் ஓடப் பார்த்ததைக் கட்டைவிரலால் உருளையை அழுத்தியே திருப்பினேன், விரலில் தோல் உரிந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. மீன் அசந்து கரையோரம் வந்ததும், "வலை, வலை!" என்று கத்தினேன். அடுத்த மேடைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கைவலையால் அதை அள்ளினார். அவர் செய்தது அவ்வளவுதான்.

கூட்டம் ஓடி வந்தபோது மீன் அவர் கையில் இருந்தது. "தாதா, பிரமாதம்!" என்று முதுகில் தட்டினார்கள். யாரோ போட்டோ எடுக்க வந்து என்னிடம், "பவுதி, ஏக்டு ஷோரே தாடான்" என்றார். அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நான் பிடித்த மீனின் படத்தில் நான் விழுந்துவிடக் கூடாதாம்! அதைத் தண்ணீரில் விட வேண்டும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அது செத்துப்போய்விட்டது.

எடை போட்டார்கள். அன்றைக்கு அதுதான் பெரியது. செக்ரட்டரி நோட்டில் என் கணவர் பெயரை எழுதினார். "பிடித்தது நான்" என்றேன். "ஆமாம் பவுதி, எல்லாம் உங்க அதிர்ஷ்டம்" என்று சிரித்தார். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்ல அவருக்கு வங்காளம் என்னைவிட நன்றாக வரும். அவர் தலையைக் குனிந்து மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கோலை அவர் கையில் திணித்தேன். "நீங்கதானே பிடிச்சேள்? இன்னொரு தரம் போடுங்கோ, எல்லாரும் பாக்கட்டும்."

வேறு வழியில்லாமல் வீசினார். பிளாஸ்டிக் மீன் காலடியிலேயே தொப்பென்று விழ, ரீல் முழுக்கச் சிக்கிக்கொண்டது. இனி யாராலும் மறுக்க முடியாது என்று நினைத்தேன். "இவ்வளவு பெரிய மீனோட மல்லுக்கட்டின கை, நடுங்காம என்ன செய்யும்?" என்றார் செக்ரட்டரி. நோட்டை மூடிவிட்டார்.

வீடு திரும்பும்போது கார் ஜாதவ்பூரைத் தாண்டியது. அப்புறம் அவர், "ரெண்டு பேரும் சேந்துதானே பிடிச்சோம்? வலையைப் பிடிச்சது நான்தானே?" என்றார். அந்த வாரம் முழுக்க, சாப்பாடு ரெடி, கேஸ் வந்தாச்சு என்பதைத் தாண்டி எங்கள் வீட்டில் பேச்சில்லை. எனக்குக் கோப்பையோ மாலையோ வேண்டாம். நான் செய்ததை நான் செய்ததாக, அருகிலிருந்து பார்த்த மனுஷன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை இரவு சாப்பிட்டு எழுந்தவர், "நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது, டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும், போட்டியில் ஜெயித்தவர்களின் தகரப் பலகையில் அவர் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியாகிவிட்டது. டிக்கெட்டுக்கு நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், நல்ல வங்காளத்தில், தெளிவாகத்தான் சொன்னார். இந்தப் பெயரை அழியுங்கள். எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது. அந்த மீனைப் பிடித்தது என் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். "வீட்டில் பலத்த திட்டா, தாதா?" என்று செக்ரட்டரி அவர் தோளில் கை போட்டார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்றார் ஒருவர். சொந்த மீனையே பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுக்கிறாரே, என்ன மனசு என்று இன்னொருவர் வியந்தார். என் கணவர் குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னார். சிரிப்புதான் கூடியது. வலையில் அள்ளும்போது பக்கத்திலேயே நின்ற அடுத்த மேடைக்காரர், டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் காது சிவக்க என்னிடம் திரும்பினார். "நான் பொய் சொல்றேங்கறாளா? கண்ணால பாத்தவா இங்கேயே நின்னுண்டிருக்கா. ஒருத்தராவது வாயத் திறக்கறாளா, பாரு!"

"பாத்துண்டுதான் இருக்கேன்" என்றேன். "போன வாரமும் ஒருத்தர் இப்படித்தான் நின்னார்."