மோடத்தில் ஓயாமல் மின்னும் விளக்கு

இரண்டு நாளாகச் செத்துக்கிடந்த பிராட்பேண்டை இன்று லைன்மேன் வந்து சரிசெய்தார். இணைப்பு வந்ததும் மோடம் விளக்கு மின்ன ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

“வூட்ல எத்தினி பேரு சார்?”

“நான் மட்டும்தான்.”

“அப்ப இது இன்னாத்துக்கு இப்டி அடிச்சிகினு கீது?”

அடையாளம் காட்டாமல் இணையம் பார்ப்பவர்கள் என் கணினி வழியாகப் போகிறார்கள், அதற்கு ரிலே என்று பெயர், சும்மா ஓர் உதவி என்றேன்.

“யாரு சார் அவங்க?”

“தெரியாது. தெரியக்கூடாது, அதுதான் ஏற்பாடே.”

“உங்களயாச்சும் அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ரெண்டு நாளா என் ரிலே இல்லைன்னதும் வேற வழியா போயிருப்பாங்க.”

லைன்மேன் விளக்கை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தன் செல் நம்பரை மோடத்துக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதினார்.

“எதுனா பேஜார்னா போன் போடுங்க சார்.”

லைன் இப்போது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. நாளைக்கு என்ன கோளாறு சொல்லி அவரைக் கூப்பிடலாம்? யாருக்காவது தோன்றினால் கீழே எழுதுங்கள்.